முதல் ஸ்க்ரோல் சா: தேர்ந்தெடுப்பதிலிருந்து முதல் அறுப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்க்ரோல் சா என்பது, மேலும் கீழும் அசையும் மெல்லிய பிளேடால் பலகையில் நுண்ணிய வடிவங்களை அறுக்கும் மின் இயந்திரம். அதை வாங்க நினைக்கும் புதியவர்கள் பெரும்பாலும் விவரக்குறிப்பின் முதல் வரியையே பிடித்துக்கொள்கிறார்கள். பிளேடுக்குப் பின்னால் உள்ள இடைவெளி 16 அங்குலமா, 20 அங்குலமா, மோட்டார் எத்தனை வாட் என்பதே அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கிறது. ஆனால் வேலையில் இறங்கிய பிறகு அவர்களைச் சலிப்படைய வைப்பவை இவ்விரண்டும் அல்ல. பிளேடு மாற்றுவதில் உள்ள தொல்லையும், இயந்திரத்தின் நடுக்கமும்தான் அவர்களைக் கைவிடச் செய்கின்றன. அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். எது உங்கள் கையில் அதிகம் புழங்குமோ அது முன்னால் வருகிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது பின்னால் போகிறது. படிகளை இதே வரிசையில் கடந்தால், ஒவ்வொரு படியிலும் சில இயந்திரங்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

1. அறுக்கப்போவதை முதலில் தாளில் எழுதுங்கள்

அடுத்த சில மாதங்களில் செய்ய விரும்பும் நான்கைந்து பொருள்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரங்கள் வேண்டும்: மரத்தின் தடிமன், பலகையின் மிக நீளமான பக்கம், உள்ளே வெட்டி எடுக்க வேண்டிய துளைகளின் எண்ணிக்கை.

மூன்றாவது விவரத்தைப் பலர் எழுதுவதே இல்லை. இயந்திரத்தைத் தீர்மானிப்பதோ அதுதான். ஒரு பெயர்ப்பலகையின் வெளிவடிவத்தை மட்டும் வெட்டுகிறவர் பிளேடை ஒருமுறை மாட்டிவிட்டு வேலையை முடித்துவிடுவார். பூவேலைப்பாடுள்ள ஜன்னல் சட்டத்தில் நாற்பது துளைகள் இருந்தால், பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மறுபடி கவ்வி, விறைப்பேற்றும் வேலையை நாற்பது முறை செய்ய வேண்டும்.

தடிமனை எழுதும்போதே, இந்த இயந்திரம் உங்களுக்குத் தேவைதானா என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலான ஸ்க்ரோல் சாக்களில் 50 மி.மீ. தடிமன் வரை மரத்தை நுழைக்கலாம். ஆனால் கடின மரத்தில் 20 முதல் 25 மி.மீ. வரைதான் வேலை சுகமாக நடக்கும். நீளமாக நேர்க்கோட்டில் அறுப்பது, தடித்த கட்டையை வளைத்து அறுப்பது ஆகியவையே உங்கள் பட்டியலில் மிகுந்திருந்தால், கையில் பிடித்து அறுக்கும் ஜிக்சாவோ, வளையமாகச் சுழலும் பிளேடுள்ள பேண்ட் சாவோதான் உங்களுக்கு ஏற்றது. பலகையின் விளிம்பை உடைக்காமல் நடுவில் நுண்ணிய துளையை வெட்டி எடுப்பதும், அறுத்த இடத்தை ஏறக்குறைய உப்புத்தாள் போடத் தேவையில்லாத வழவழப்போடு விடுவதும் ஸ்க்ரோல் சாவின் பலம்.

2. இயந்திரத்துக்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

இடம்தான் முதல் தேவை. ஸ்க்ரோல் சாவில் ஆள் நகர்வதில்லை, பலகைதான் சுழலும். எனவே மேசையைச் சுற்றி உங்கள் பட்டியலில் உள்ள மிகப் பெரிய பலகை முழுவட்டமாகத் திரும்பும் அளவுக்கு வெற்றிடம் இருக்க வேண்டும்.

இயந்திரத்தைப் போல்ட் போட்டு இறுக்கக் கனமான, ஆடாத பெஞ்சு ஒன்று வேண்டும். மெல்லிய பிளைவுட் மேசையில் வைத்தால், இயந்திரத்தின் சிறு அதிர்வை அந்தப் பலகை பெருக்கிக் கொடுக்கும். பிறகு குறை இயந்திரத்திலா பெஞ்சிலா என்று பிரித்தறியவே முடியாது.

1 முதல் 2 மி.மீ. வரையிலான அலகுகளைக் கவ்வக்கூடிய டிரில், சிறு மூலைமட்டம், பாதுகாப்புக் கண்ணாடி, நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம், பக்கவாட்டிலிருந்து ஒளி தரும் விளக்கு ஆகியவற்றையும் இப்போதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். டிரில் அலகைப் பிடிக்கும் தலைகள் சிலவற்றில் 1 மி.மீ. அலகு நிற்காது. உள்துளை வேலைக்கு அது இல்லாமல் தொடங்கவே முடியாது என்பதால் அதை முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும்.

இயந்திரத்தின் தகட்டில் எழுதியிருக்கும் மின்னழுத்தமும் உங்கள் இடத்தின் மின்னழுத்தமும் ஒன்றா என்பதையும் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டுத் தயாரிப்புகளை இணையத்தில் வாங்கும்போது இது எளிதில் தவறிவிடுகிறது.

3. முதல் சல்லடை: பின்லெஸ் பிளேடு மாட்ட முடியுமா?

ஸ்க்ரோல் சா பிளேடுகள் பொதுவாக 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. நீளமுள்ளவை. அவற்றில் இரு வகைகள் உண்டு. ஒன்றில் இரு முனைகளிலும் குறுக்காக ஒரு சிறு ஊசி செருகப்பட்டிருக்கும். இயந்திரத்தின் கொக்கியில் அந்த ஊசி மாட்டிக்கொள்ளும். இது பின்டு பிளேடு. மற்றொன்றின் முனைகள் வெறுமனே தட்டையாக இருக்கும். அவற்றைக் கவ்வி அழுத்திப் பிடிக்க வேண்டும். இது பின்லெஸ் பிளேடு.

பின்டு பிளேடை மாட்டுவது எளிது என்பதால் புதியவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அந்த எளிமைக்கு ஒரு விலை இருக்கிறது. உள்துளை வெட்டுவதற்கு முன் இடும் தொடக்கத் துளை, குறுக்கே நிற்கும் அந்த ஊசியும் நுழையும் அளவுக்குப் பெரிதாக, ஏறக்குறைய 5 முதல் 6 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஒரு பறவையின் கண்ணையோ, எழுத்தின் சுழியையோ வெட்ட நினைக்கும்போது, வெட்ட வேண்டிய இடமே அந்தத் துளையைவிடச் சிறிதாக இருக்கும். பின்லெஸ் பிளேடுகளின் அளவை எண்களால் குறிக்கிறார்கள். அவற்றில் மிகப் பரவலாகப் பயன்படும் 5-ஆம் எண்ணின் அகலம் ஏறக்குறைய 1 மி.மீ. மட்டுமே என்பதால் ஒன்றரை மி.மீ. துளை போதும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மிக மெல்லிய பிளேடின் முனையில் ஊசியைச் செருக இடமே கிடையாது. ஆகவே நுண்ணிய எண்களும் பல வகைப் பற்களும் பின்லெஸ் பிளேடுகளில்தான் கிடைக்கின்றன. பின்டு பிளேடை மட்டுமே ஏற்கும் இயந்திரத்தை, வேறு எந்தச் சிறப்பு இருந்தாலும், பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இரண்டையும் ஏற்பதாகச் சொல்லும் இயந்திரங்களில் பின்லெஸ் பிளேடுக்கான கவ்வி தனியாகக் கழன்று வரும் சிறு துண்டாக இருக்கிறதா, பிளேடைப் பிடித்து அசைக்கும் இயந்திரக் கையோடு நிலையாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். கழன்று வருவது மரத்தூளுக்குள் விழுந்து காணாமல் போகும்.

4. கவ்வி: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

இந்த ஒரு பாகத்தைத் தொட்டுப் பார்க்காமல் ஸ்க்ரோல் சா வாங்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. மற்றவற்றை விவரக்குறிப்பிலிருந்து ஓரளவு ஊகித்துவிடலாம். கவ்வியை ஊகிக்க முடியாது.

மேல்கையின் நுனியில் இரு சிறு உலோகத் தாடைகள் இருக்கும். பிளேடின் முனை அவற்றுக்கு நடுவே நுழைய வேண்டும். பக்கத்திலுள்ள திருகைத் திருப்பினால் ஒரு தாடை மற்றொன்றை நோக்கி நகர்ந்து பிளேடை நசுக்கிப் பிடிக்கும். இங்கே மூன்றைக் கவனியுங்கள். திருகைக் கைவிரலாலேயே இறுக்க முடிகிறதா, ஆலன் கீ எனும் அறுகோணச் சாவி வேண்டுமா? கீ வேண்டியிருந்தால் நாற்பது துளைகளுக்கு எண்பது முறை அதைத் தேடுவீர்கள். தாடைகள் ஒன்றுக்கொன்று இணையாகச் சேர்கின்றனவா? ஒரு பக்கம் மட்டும் முதலில் தொட்டால் பிளேடு சாய்ந்து நிற்கும், விறைப்பேற்றும்போது வழுகும். நுழைவிடம் கண்ணுக்குத் தெரிகிறதா? சில இயந்திரங்களில் தலையைக் குனிந்து, தடவித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது விறைப்பேற்றும் நெம்பு. அது முன்புறம், மேல்கையின் நுனிக்கு அருகில் இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே அரைத் திருப்பில் தளர்த்தி இறுக்கலாம். பின்புறம் திருகாக இருந்தால் ஒவ்வொரு துளைக்கும் பலகைக்கு மேலாகக் கையை நீட்ட வேண்டும். நெம்பு முன்புறம் இருப்பதற்கு நான் முதல் மதிப்பெண் கொடுப்பேன். திரும்பத் திரும்ப ஒரே அளவு விறைப்பு கிடைப்பதும் அதனால்தான்.

மேல்கையைத் தூக்கி நிறுத்த முடிகிறதா என்பது மூன்றாவது. அப்படி முடிந்தால், பிளேடின் கீழ்முனையை அப்படியே விட்டுவிட்டு, பலகையை மேலிருந்து பிளேடின் மேல் இறக்கலாம். முடியாவிட்டால் மேல்முனையைக் கழற்றி, பலகையைச் சற்றுத் தூக்கி, கீழிருந்து துளைக்குள் பிளேடை வழிநடத்த வேண்டும். சிறிய பலகைகளுக்கு இரண்டுமே பழகிவிடும். பெரிய, மெல்லிய பலகைக்கு முதல் முறையே உடையாமல் காக்கும்.

இவையெல்லாம் சரியாக இருக்கின்றனவா என்பதை அறிய ஒரே வழி, விற்பவர் மாட்டிக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், நீங்களே உட்கார்ந்து ஒரு பின்லெஸ் பிளேடைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்ப்பதுதான். முதல் முறை தடுமாறுவது இயல்பு. மூன்றாவது முறையும் அதே இடத்தில் விரல் சிக்கினால் அது வடிவமைப்பின் குறை.

5. கைகளின் அமைப்பும் அதிர்வும்

பிளேடை ஏற்றி இறக்கும் கைகள் மூன்று விதமாக அமைகின்றன. மேல்கையும் கீழ்கையும் தனித்தனி அச்சில், ஒன்றுக்கொன்று இணையாக அசைவது இணைகை அமைப்பு. இதில் பிளேடு ஏறக்குறைய செங்குத்தாகவே ஏறி இறங்கும். இரு கைகளும் ஒரே வார்ப்பாக, சி வடிவில் அசைவது இரண்டாவது. இதில் பிளேடு சிறு வில்லாக முன்னும் பின்னும் சாய்கிறது, அதனால் வேகமாக அறுக்கும், ஆனால் தடித்த மரத்தில் இறுக்கமான வளைவு திரும்பும்போது மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒத்துப்போகாமல் போகலாம். மூன்றாவது அமைப்பில் பெரிய கைகள் அசைவதே இல்லை. உள்ளே ஓடும் தண்டுகள் நுனியில் உள்ள சிறு இணைப்புகளை மட்டும் அசைக்கின்றன.

அசையும் எடை குறைந்தால் அதிர்வும் குறைகிறது. மூன்றாவது அமைப்பு மதிக்கப்படுவதற்குக் காரணம் அதுதான். டிவால்ட் நிறுவனத்தின் டிடபிள்யூ 788, எக்ஸ்காலிபர் ஆகியவை இந்த வகை. ஜெர்மனியின் ஹெக்னர் இணைகை அமைப்பில் பெயர் பெற்றது. தொடக்கநிலைக்கு இணைகை அமைப்பே போதும். சி வடிவக் கையை முதல் இயந்திரமாக நான் பரிந்துரைப்பதில்லை.

அதிர்வு ஏன் இவ்வளவு முக்கியம்? கோட்டின் மேல் பிளேடை வைத்திருப்பது கண்ணும் விரல்நுனியும் சேர்ந்து செய்யும் வேலை. மேசை நடுங்கினால் கோடு மங்கலாகத் தெரியும், பலகை மேசையைவிட்டுத் துள்ளும், அதை அழுத்திப் பிடிக்கத் தோள்பட்டை இறுகும். அரை மணி நேரத்தில் கை சோர்ந்துவிடும். புதியவர்கள் தமக்குக் கை வரவில்லை என்று நினைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதற்கு எளிய அளவுகோல் எடை. வார்ப்பிரும்பு அடித்தளம் கொண்ட இயந்திரம் தகட்டு அடித்தளம் கொண்டதைவிட அமைதியாக ஓடும். இரண்டு இயந்திரங்கள் மற்றெல்லா வகையிலும் சமமாக இருந்தால், தூக்குவதற்குக் கடினமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

6. வேகமும் ஸ்ட்ரோக்கும்

வேகத்தைப் படியின்றிக் கூட்டிக் குறைக்கும் வசதி அவசியம். நிமிடத்துக்கு 400 முதல் 1,600 அல்லது 1,800 தடவை வரை என்பது வழக்கமான வீச்சு. வெனீர் எனும் மெல்லிய மரத்தாள், உலோகத் தகடு, அக்ரிலிக் ஆகியவற்றுக்குக் குறைந்த வேகம் வேண்டும். அக்ரிலிக்கை அதிவேகத்தில் அறுத்தால் அது உருகி, பிளேடு கடந்துபோன பிறகு மறுபடி ஒட்டிக்கொள்ளும். புதியவர்களுக்கும் குறைந்த வேகமே பழகும் வேகம். பெல்ட்டைக் கழற்றி வேறு கப்பியில் மாட்டி வேகம் மாற்றும் பழைய முறையில், சோம்பலால் யாரும் வேகத்தை மாற்றுவதே இல்லை.

ஸ்ட்ரோக் என்பது பிளேடு ஏறி இறங்கும் தூரம். 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கும். இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டும். 20 மி.மீ. பலகையை 14 மி.மீ. ஸ்ட்ரோக்கில் அறுக்கும்போது பிளேடின் நடுப்பற்கள் மரத்தைவிட்டு வெளியே வருவதே இல்லை. அவை வெட்டிய தூள் வெளியேற வழியின்றி உள்ளேயே சுற்றி, சூடேறி, மரத்தைக் கருக்கிவிடும். ஸ்ட்ரோக் நீளமாக இருந்தால் தூள் வெளியேறும், அதிகமான பற்கள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். 18 மி.மீ.க்கு மேற்பட்ட பலகைகள் உங்கள் பட்டியலில் மிகுதியாக இருந்தால் 19 மி.மீ. அளவிலான ஸ்ட்ரோக்கைத் தேடுங்கள்.

மோட்டாரின் வாட் அளவைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்: மோட்டார் திணறுவதற்கு முன் பிளேடு உடைந்துவிடும்.

7. மேசையும் சாய்வும்

மேசை சமதளமாக இருக்கிறதா என்று மூலைமட்டத்தின் விளிம்பை வைத்துப் பார்க்க வேண்டும். பிளேடைச் சுற்றியுள்ள துளை பெரிதாக இருந்தால் மெல்லிய துண்டுகளுக்குத் தாங்கல் இராது. அறுத்த சிறு துண்டுகள் உள்ளே விழும். இதைத் திருத்திக்கொள்ளலாம் என்பதால் இயந்திரத்தை நிராகரிக்கக் காரணமாகக் கொள்ள வேண்டாம். 3 மி.மீ. பிளைவுட்டில் 2 மி.மீ. துளையிட்டு, இருபக்க டேப்பால் மேசையில் ஒட்டினால் போதும்.

மேசை ஒரு பக்கம் 45 பாகை சாய்வது ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. மறுபக்கமும் சில பாகைகள் சாய்ந்தால், ஒரு மரத்துக்குள் மற்றொரு மரத்தைப் பதிக்கும் வேலைக்கு உதவும். விலையுயர்ந்த சிலவற்றில் மேசை அசையாமல் தலைப்பகுதியே சாயும். பலகை சறுக்காது என்பது அதன் நன்மை. முதல் இயந்திரத்துக்கு அது தேவையில்லை.

8. த்ரோட் அளவு

பிளேடுக்கும் பின்தூணுக்கும் இடைப்பட்ட தூரம்தான் த்ரோட். 16 அங்குலம் என்றால் 400 மி.மீ.க்குச் சற்று மேல். முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, மிக நீளமான பக்கங்களைப் பாருங்கள். பெரும்பாலானவர்களின் பட்டியலில் எல்லாமே 300 மி.மீ.க்குள் அடங்கிவிடும். அப்படியானால் 16 அங்குலமே போதும்.

ஒரே ஒரு பெரிய வேலைக்காக 20, 22 அங்குலத்துக்குப் போக வேண்டாம். அதே தொகையில் நீளக் கையை வாங்கினால் தயாரிப்பாளர்கள் கவ்வியிலோ அடித்தளத்திலோ செலவைக் குறைத்திருப்பார்கள். நீளமான கை, கனமில்லாத வார்ப்பில் இருந்தால், அதிகமாகவே அதிரும். எப்போதாவது வரும் பெரிய பலகையைச் சுழற்றாமல், எல்லாப் பக்கமும் பல் உள்ள ஸ்பைரல் பிளேடால் அறுத்துக்கொள்ளலாம். வெட்டு சற்றுச் சொரசொரப்பாக வரும், அவ்வளவுதான்.

9. துணை வசதிகள்

விளக்கு, பலகையை அழுத்திப் பிடிக்கும் பாதம், தூசி ஊதும் குழாய் ஆகியவற்றைப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். விளக்கைத் தனியாக வாங்கலாம். பாதத்தை அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் கழற்றிவிடுகிறார்கள். தொடக்கத்தில் பலகை துள்ளுவதைத் தடுப்பதால் சில வாரங்கள் வைத்திருப்பது நல்லது. ஊதுகுழாய் மட்டும் வேலை செய்தாக வேண்டும், ஏனெனில் தூள் மூடினால் கோடு தெரியாது. இயந்திரத்தோடு வரும் காற்று வலுவிழந்திருந்தால் மீன்தொட்டிக் காற்றுப் பம்பை அந்தக் குழாயில் இணைத்துவிடலாம்.

கால் சுவிட்சு பிறகு வாங்கத் தகுந்த முதல் பொருள். இரு கைகளும் பலகையிலேயே இருக்கும். ஆனால் பிளேடு மாற்றும்போது கால் தவறுதலாக அதை மிதித்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் மின்செருகியைப் பிடுங்கிவிட்டுத்தான் கவ்வியைத் தொட வேண்டும்.

10. பணம் கொடுப்பதற்கு முன் நேரில் சோதிப்பது

முதல் சோதனையை மின் இணைப்பு இல்லாமல் செய்யுங்கள். மேல்கையின் நுனியைப் பிடித்து இடவலமாக அசைத்துப் பாருங்கள். தாங்கிகளில் ஆட்டம் இருந்தால் கையில் 'டக்' என்று உணரும். புதிய இயந்திரத்தில் அப்படி உணர்ந்தால் அதை விட்டுவிடுங்கள்.

பிளேடை மாட்டி, மூலைமட்டத்தை அதன் பக்கவாட்டில் ஒட்டி வைத்து, மோட்டாரின் குமிழைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பிளேடு மேலே போகும்போதும் கீழே வரும்போதும் இடைவெளி மாறக் கூடாது. அடுத்து மூலைமட்டத்தைப் பிளேடின் முதுகுப்புறம் வைத்து அதையே செய்யுங்கள். இங்கே சிறிதளவு முன்பின் அசைவு இயல்பானது, பக்கவாட்டில் அசைவதுதான் குறை.

இனி மின்சாரம். மிகக் குறைந்த வேகத்திலிருந்து உச்சவேகம் வரை மிக மெதுவாகக் கூட்டுங்கள். ஏறக்குறைய எல்லா இயந்திரங்களிலும் ஏதோ ஒரு வேகத்தில் நடுக்கம் கூடி, அதைத் தாண்டியதும் அடங்கும். அந்த இடம் குறுகியதாகவும், நீங்கள் அதிகம் பயன்படுத்தும் நடுவேகத்துக்கு வெளியிலும் இருந்தால் பாதகமில்லை. கடையில் இயந்திரம் போல்ட் போடாமல் நிற்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அதே மேசையில் இரண்டு இயந்திரங்களை ஒப்பிடுவதே நியாயமான முறை.

பழைய இயந்திரம் வாங்குபவர்கள் இவற்றோடு கவ்வித் திருகுகளின் நுனி தேய்ந்து விரிந்திருக்கிறதா, தாடைகள் வழவழவென்று ஆகிவிட்டனவா என்றும் பார்க்க வேண்டும். அந்தப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா என்பதை விசாரித்த பிறகே விலை பேசுங்கள். கவ்வி கிடைக்காத இயந்திரம், மோட்டார் எவ்வளவு நன்றாக ஓடினாலும், பயன்படாது.

11. இயந்திரத்தோடு வாங்க வேண்டிய பிளேடுகள்

பெட்டிக்குள் வரும் பிளேடுகளை வைத்து இயந்திரத்தை மதிப்பிட வேண்டாம். அவை பெரும்பாலும் தரம் குறைந்தவை. நல்ல தயாரிப்பில் 3, 5, 7 ஆகிய எண்களில் ஒவ்வொரு டஜன் வாங்குங்கள். 6 முதல் 12 மி.மீ. தடிமன் வரை 3-ஆம் எண். 12 முதல் 20 வரை 5. அதற்கு மேல் 7. எண் கூடக்கூடப் பிளேடு அகலமாகும். 0-க்குக் கீழே 2/0 போன்ற மயிரிழைப் பிளேடுகளை இப்போது தொட வேண்டாம், ஏனெனில் பழகாத கையில் அவை ஓயாமல் உடையும்.

பற்களில், கீழ்முனைக்கு அருகில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அவை பலகையின் அடிப்புறத்தில் இழை பிய்வதைத் தடுக்கும். பிளேடு உச்சிக்கு ஏறும்போது அந்தப் பற்களில் இரண்டோ மூன்றோ மேசைக்கு மேல் தெரிய வேண்டும். அதற்குக் கீழே மாட்டிவிட்டால் அவை மரத்தைத் தொடவே மாட்டா.

12. பொருத்துதலும் முதல் அறுப்பும்

இதை வாங்கிய வாரத்திலேயே, திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் முடித்துவிடுங்கள்.

இயந்திரத்தைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். உட்கார்ந்தால் மேசை முழங்கை உயரத்துக்குச் சற்று மேலே வரட்டும். பின்பக்கத்தைச் சிறு கட்டையால் உயர்த்தி மேசையை உங்கள் பக்கம் சாய்த்தால் கழுத்து வலிக்காது.

அடுத்து, பிளேடின் இரு முனைகளையும் துணியால் துடைத்து, நுண்ணிய உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். தயாரிப்பிலிருந்தே பிளேடின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். அதனால்தான் கவ்வியிலிருந்து வழுகுகிறது. கவ்வி சரியில்லை என்று இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்ட பலருக்கு இந்த ஒரு துடைப்பிலேயே தீர்வு கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பற்கள் உங்களைப் பார்த்து, கீழ்நோக்கி இருக்க வேண்டும். விரலைப் பிளேடின் முன்விளிம்பில் மெல்ல மேலே இழுத்தால் பற்கள் பிடிக்கும். கீழே இழுத்தால் வழுகும். தலைகீழாக மாட்டினால் இயந்திரம் அறுப்பதற்குப் பதிலாகப் பலகையைத் தூக்கி அடிக்கும்.

விறைப்பு போதுமா என்று அறிய, பிளேடை விரலால் சுண்டுங்கள். தெளிவான உயர்ந்த ஒலி வர வேண்டும், மந்தமாக ஒலித்தால் இன்னும் இறுக்க வேண்டும். விரலால் மிதமாகத் தள்ளும்போது 3 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் புதியவர்கள் தளர்த்தியே வைக்கிறார்கள். தளர்ந்த பிளேடுதான் கோட்டைவிட்டு அலையும், வெட்டின் நடுவில் வயிறு தள்ளும், கடைசியில் உடையவும் செய்யும்.

மேசை செங்கோணத்தில் இருக்கிறதா என்பதற்கு அதிலுள்ள பாகைமானியை நம்ப வேண்டாம். 40 மி.மீ. தடிமனுள்ள கட்டைத் துண்டில் சிறு வெட்டு ஒன்று இட்டு, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கட்டையை மேசையின் மேலேயே அரைவட்டம் திருப்பி, அதே வெட்டைப் பிளேடின் முதுகில் பொருத்திப் பாருங்கள். வெட்டு உராயாமல் பிளேடில் ஏறினால் மேசை சரி. மேலோ கீழோ இடித்தால் சாய்வைச் சற்று மாற்றி, புதிய வெட்டு இட்டுச் சோதியுங்கள். மேசைச் சாய்வின் பிழை இதில் இருமடங்காகத் தெரியும் என்பதால் கண்ணுக்குத் தப்பாது.

முதல் அறுப்புக்கு 12 மி.மீ. மென்மரம், 5-ஆம் எண் பிளேடு, நடுவேகம். பலகையைத் தள்ளாமல், பிளேடு தின்னும் வேகத்தில் ஊட்டுங்கள்.

13. திருப்பிக் கொடுக்க வேண்டிய குறையும் பழக வேண்டிய குணமும்

பலகையை நேராகத் தள்ளினாலும் வெட்டு ஒரு பக்கமாக ஓடுவது கண்டு இயந்திரம் கோணல் என்று முடிவு செய்கிறவர்கள் பலர். இது பிளேடின் குணம். தயாரிப்பில் பிளேடின் ஒரு பக்க விளிம்பில் மெல்லிய பிசிறு நின்று, அந்தப் பக்கம் கூடுதல் கூர்மையோடு வெட்டுகிறது. பலகையைச் சில பாகைகள் சாய்த்து ஊட்டினால் கோட்டிலேயே நிற்கும். எந்தத் திருகாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

மரம் கருகுவதும் பெரும்பாலும் மழுங்கிய பிளேடாலோ அதிவேகத்தாலோ ஆனது. பலகையில் ஒட்டிய வரைபடத் தாளின் மேல் பார்சல் டேப்பை ஒட்டிவிட்டு அறுத்தால் கருகல் வெகுவாகக் குறையும். தள்ள வேண்டியிருக்கிறது என்று கை உணர்ந்தவுடனே பிளேடை மாற்றிவிடுங்கள். உடையும்வரை ஓட்டுவது சிக்கனமல்ல.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும், துடைத்த பிளேடு கவ்வியிலிருந்து வழுகினால், போல்ட் போட்ட பிறகும் எல்லா வேகத்திலும் மேசை நடுங்கினால், கையால் சுற்றும்போது பிளேடு பக்கவாட்டில் நகர்ந்தால், அல்லது மேசையைச் செங்கோணத்தில் நிறுத்தி இறுக்கியும் சில நிமிடங்களில் அது நழுவினால், அது இயந்திரத்தின் குறை. பெட்டியையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.